சுலைமானி குடித்த சுவர்

வீரம்மாளுக்கு அந்த ஊரின் மேல் இரண்டரை வருடக் கோபம். இத்தனைக்கும் அதை அவள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. முகம் தெரியாத சக்களத்தி மேல் வருகிற கோபம் மாதிரி, பார்க்காமலேயே ஊட்டி வளர்த்த கோபம் அது.

ஷார்ஜாவைத் தாண்டிப் பாலைவனத்துக்கு நடுவில், லாரி லாரியாக மண்ணையும் கல்லையும் கொட்டி ஒரு மலையை உண்டாக்கி, அதன் தலையில் இத்தாலி தேசத்துப் பழங்காலத்து ஊர் ஒன்றைக் கட்டி வைத்திருந்தார்கள். சுற்றிலும் கோட்டைச் சுவர், உச்சியில் மணிக்கூண்டு, எதிரில் ஆள் வந்தால் தோள் இடிக்கிற சந்துகள், கல்படிகள், தண்ணீர் இல்லாத ஒரு கிணறு. ஊர் என்றால் யாரும் குடியிருக்கிற ஊர் இல்லை. காப்பிக் கடையும் துணிக் கடையும் வைத்து, விடுமுறைக்கு மக்கள் வந்து போட்டோ எடுத்துப் போவதற்கான ஊர். பலகையில் வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர். கட்டிய தமிழாட்கள் தங்களுக்குள் கிழட்டூர் என்றார்கள். புதிதாகக் கட்டும்போதே கிழடாகக் கட்டச் சொன்ன ஊருக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அந்தக் கிழட்டூரின் வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, வீரம்மாளும் புருஷன் முனியசாமியும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். முனியசாமி கமுதிப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார். வந்து பதினொரு வருடம் ஆகிறது. வீரம்மாள் முப்பது நாள் விசிட் விசாவில் வந்து ஒன்பது நாள் ஆகிறது. அவன் இருப்பது கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப்பில், அங்கே பெண்களை விடமாட்டார்கள். அதனால் ஷார்ஜாவில் முவைலா பக்கம், பழைய கூட்டாளியின் மனைவி மாரியம்மாள் இருக்கும் அறையில் அவளைத் தங்க வைத்திருந்தான். தொட்டுத் தாலி கட்டிய பெண்டாட்டியைப் பார்க்க, டூட்டி முடிந்து பஸ் பிடித்து வந்து, விருந்தாளி மாதிரி வாசலில் நின்று கூப்பிடுவான். ஏழு மணிக்கு வந்து ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுவான். அதற்கே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வந்த அன்றைக்கே முனியசாமி ஆசையாகக் கேட்டிருந்தான். "பர் துபாய் கோயிலுக்குப் போவமா? கடல் பாக்குறியா? எங்கிட்டுப் போகணும், சொல்லு."

"ஏம் மக கல்யாணத்துக்கு வரவிடாம ஒங்களப் பிடிச்சு வச்ச ஊரு எதுவோ, அதக் காட்டுங்க" என்றாள் வீரம்மாள்.

அவன் அதற்குப் பிறகு கடலைப் பற்றிப் பேசவில்லை.

அருணாவின் கல்யாணம் ஆவணி மாதம் நடந்தது. நவம்பரில் ஊரைத் திறந்தாக வேண்டும், யாருக்கும் லீவு மாஃபி என்று சொல்லிவிட்டார்கள். மாஃபி என்றால் கிடையாது என்று அர்த்தம். வீரம்மாள் கற்றுக்கொண்ட முதல் அரபு வார்த்தை அதுதான். தாரை வார்க்கப் பெற்றவன் வேண்டும். பெற்றவன் இல்லாததால் அவளுடைய அண்ணனும் அண்ணிக்காரியும் மணையில் நின்றார்கள். புருஷன் இல்லாமல் பெண்டாட்டி மட்டும் மணையில் நிற்க முடியுமா? பத்து மாசம் சுமந்து பெற்ற மகளின் கையை வேறொருத்தி பிடித்துக் கொடுக்க, வீரம்மாள் மண்டபத்துத் தூண் ஓரமாக நின்று பார்த்தாள். வீடியோவிலாவது பார்க்கட்டும் என்று போன் அடித்தால், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. முகூர்த்த நேரத்தில் பெற்றவன் போனைக்கூட எடுக்கவில்லை. அந்தத் தூணை அவள் மறக்கவில்லை, எடுக்காத போனையும் மறக்கவில்லை.

வரிசை நகர்ந்தது. வாசலில் கூலிங் கிளாஸும் கோட்டும் போட்ட ஒருவன் நின்று, வருகிறவர்களைத் தலையிலிருந்து கால்வரை அளந்துகொண்டிருந்தான். பக்கத்தில் செக்யூரிட்டி உடுப்பில் ஓர் இளைஞன். கோட்டுக்காரன் முனியசாமியின் கையைப் பார்த்தான், செருப்பைப் பார்த்தான். பிறகு விரலை நீட்டி ஒரு பலகையைக் காட்டினான்.

"என்னவாம்?" என்றாள் வீரம்மாள்.

"லீவு நாள்ல ஃபேமிலி மட்டுந்தான். பேச்சுலருக்கு அனுமதி இல்ல" என்றான் முனியசாமி, இது புதிதில்லை என்கிற குரலில். இந்த நாட்டில் பேச்சுலர் என்றால் கல்யாணமாகாதவன் இல்லை. பெண்டாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஆம்பளை எல்லாம் பேச்சுலர்தான். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் தாலி கட்டியவனும் பேச்சுலர், பேரன் எடுத்தவனும் பேச்சுலர். ஊர் திறந்த பிறகு அவன் இரண்டு முறை தனியாக வந்து இதே வாசலோடு திரும்பியிருக்கிறான். கட்டி முடித்த ஊரை, விளக்கு எரிகிற கோலத்தில் அவன் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

"மேரா பீவி, சார்" என்றான் கோட்டுக்காரனிடம், இன்றைக்குத்தான் கையில் பதில் இருக்கிற பெருமையோடு.

அவள் பெண்டாட்டி என்பதைக் கோட்டுக்காரன் நம்பவில்லை. உதட்டைச் சுழித்து இளைஞனிடம் ஏதோ சொன்னான். அந்த இளைஞன் முகம்மது சித்தீக், கீழக்கரைக்காரன். முனியசாமியின் பேச்சைக் கேட்டதுமே நம்ம பக்கத்து ஆள் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. சில பேரு உள்ள போறதுக்காக யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வந்திர்றாங்களாம். ப்ரூஃப் கேக்குறாரு. அக்கா பாஸ்போர்ட்டுல ஒங்க பேரு இருக்குமே, அதக் காட்டுங்க, போதும்."

யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வந்து! வீரம்மாளுக்கு உச்சி முடி வரைக்கும் ஏறியது. பாஸ்போர்ட் தொலைந்தால் ஊர் போய்ச் சேர முடியாது என்று பயந்து, அதை மாரியம்மாளின் பெட்டியில் பூட்டிவிட்டு வந்திருந்தாள். ஆனால் வெறுங்கையோடு வருகிற ஆளா அவள்? எந்த ஆபீஸுக்குப் போனாலும் முதலில் கேட்பது எதுவோ அதை மஞ்சள் பையில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருந்தாள். ஏர்போர்ட்டிலேயே முனியசாமி கிண்டல் பண்ணினான், இங்கே ரேஷன் கடையில் உனக்கு அரிசி போடப் போறாகளா என்று.

"இந்தா தம்பி, குடும்ப அட்டை! கம்ப்யூட்டர்ல எடுத்த காயிதம், லேமினேஷன் போட்டது. ஃபேமிலின்னா இது ஃபேமிலியா இல்லையான்னு அந்தக் கண்ணாடிக்காரனுக்கு நல்லா வாசிச்சுக் காட்டு."

சித்தீக் சிரித்துக்கொண்டே வாங்கினான். "குடும்பத் தலைவர், வீரம்மாள். உறுப்பினர்கள் ரெண்டு பேரு. வீரம்மாள். பாண்டித்துரை." நிமிர்ந்து முனியசாமியைப் பார்த்தான். "பாண்டித்துரைங்கிறது நீங்களாண்ணே?"

"அது எம் மகன்" என்றான் முனியசாமி. "ஐடிஐ படிக்கிறான்."

சித்தீக்கின் சிரிப்பு போய்விட்டது. அவன் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். பின்னால் வெறுமையாக இருந்தது.

வீரம்மாளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. இருந்த கோபத்தில் அது மறந்தே போயிருந்தது. கல்யாணம் முடிந்த பத்தாம் நாள், அருணாவின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து எடுக்க இ-சேவை மையத்துக்குப் போனாள். பெயரை எடுத்தால்தான் மாப்பிள்ளை வீட்டு அட்டையில் சேர்க்க முடியும். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் பேச்சுக்குக் கேட்டாள், இன்னும் யார் பெயராவது எடுக்கணுமா அக்கா என்று. வீரம்மாளின் கண்ணில் அந்தத் தூண் நின்றது. "ஆமா. முனியசாமி. ஊர்லயே இல்லாத ஆளுக்கு எதுக்குப் பேரு? எடு" என்றாள். மறுவாரமே மனசு கேட்காமல் போய் நின்றபோது, திரும்பச் சேர்க்கணும் என்றால் ஆள் நேரில் வரணும் என்றாள் அந்தப் பெண். ஆள்தான் நேரில் வருவதே இல்லையே!

முனியசாமி காகிதத்தை வாங்கிப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் படிக்க வரும். இரண்டு பெயர்களைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவன் ரொம்ப நேரம் படித்தான்.

"அண்ணே, இந்தா, மேல கணவர் பெயர்னு ஒங்க பேரு இருக்கு" என்று சித்தீக் அவசரமாக விரல் வைத்துக் காட்டினான். கோட்டுக்காரனிடம் இந்தியில் மளமளவென்று பேசினான். கோட்டுக்காரன் அரை மனதோடு கையை அசைத்தான். சித்தீக் இருவர் மணிக்கட்டிலும் மஞ்சள் நிறக் காகிதப் பட்டை ஒன்றைச் சுற்றி ஒட்டினான். "ஃபேமிலின்னு போட்டிருக்குண்ணே. உள்ள யாரும் கேக்க மாட்டாங்க."

உள்ளே போனார்கள். கல்படியில் முனியசாமி முன்னால் ஏறினான், அவள் பின்னால். முப்பது படி ஏறினார்கள்.

"எப்ப எடுத்த?" என்றான், திரும்பாமல்.

"அருணா பேர எடுக்கப் போன அன்னிக்கு."

"ம்."

அவ்வளவுதான். வீரம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு இரண்டரை வருடத்தையும் கொட்டித் தீர்த்திருப்பாள். இந்த ஆளின் பொறுமையே அவளுக்குப் பெரிய எரிச்சல். ஆகவே ஊரின் மேல் பாய்ந்தாள்.

பாய்வதற்கு ஊரும் வசதியாகத்தான் இருந்தது. காரை பெயர்ந்த சுவர்கள். மூளியான கற்கள். ஒரு வளைவு பாதியில் விழுந்து கிடந்தது. சுவரெல்லாம் மழை வழிந்த மாதிரி கறை, மூலைக்கு மூலை பாசி. மணிக்கூண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"ஏய்யா, இதத்தான் ரெண்டு வருசம் கட்டுனீகளா? இந்த இடிஞ்ச ஊருக்கா? ஒங்க ஆத்தா கட்டுன மாட்டுக் கொட்டகை இதவிட நேரா நிக்கிது! இதுக்கா ஏம் மகள விட்டுட்டு இருந்தீக?"

"புதுசாத்தான் கட்டுனோம்" என்றான் முனியசாமி. "பழசாத் தெரியணும்னு சொல்லிட்டாக. எழுநூறு வருசம் ஆன மாதிரி."

"கறையெல்லாம்?"

"சுலைமானி. பால் ஊத்தாத டீ. பெரிய அண்டாவுல காய்ச்சி, ஆற வச்சு, சுவரு மேல ஊத்தி ஊத்தித் தொடைச்சோம். ஒரு வாரம். கேம்ப்புல எங்களுக்கு ஒரு வேளைக்கு அரை டம்ளர்தான். சுவரு குடிச்ச மிச்சத்தக்கூடத் தொட விடல."

"பாசி?"

"தயிரு பூசுனோம். தெனமும் தண்ணி தெளிச்சா பாசி பிடிச்சிரும்."

வீரம்மாள் நடுச்சந்தில் நின்றுவிட்டாள். "சுவத்துக்குத் தயிரா? ஏம் மக கல்யாணப் பந்தியில தயிரு பத்தாமப் போயி, சம்பந்தக்காரி இன்னும் சொல்லிக் காட்டுறா. நீங்க இங்கிட்டுச் சுவத்துக்குத் தயிர் ஊத்திக்கிட்டு இருந்தீகளா?"

காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு.

உச்சியில், மணிக்கூண்டுக்குக் கீழே, ராஜா காலத்துத் தொப்பியும் அங்கியும் போட்ட ஒருவன் சின்ன ஒலிபெருக்கியில் பேசிக்கொண்டிருந்தான். சுற்றிலும் இருபது முப்பது பேர். முதலில் இங்கிலீஷ், பிறகு இந்தி. வீரம்மாள் கண்ணால் கேட்க, முனியசாமி தாழ்ந்த குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"இத்தாலியிலேருந்து கைதேர்ந்த கொத்தனாருக வந்தாகளாம். அவுக பரம்பரை வேலையாம். மெசினு எதுவும் இல்லாம, ஒவ்வொரு கல்லையும் கையாலயே வச்சுக் கட்டுனாகளாம். அந்தக் கைப் பக்குவம் வேற யாருக்கும் வராதாம்."

அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். ஏதோ பக்கத்து ஊர்க் கும்பாபிஷேகச் சேதி சொல்வது மாதிரி, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் சொல்லி முடித்துவிட்டு நின்றான்.

"இத்தாலிக்காரன் வந்தானா?" என்றாள்.

"ஒருத்தன் வந்தான். ரெண்டு நாளு இருந்தான். போட்டோ எடுத்துட்டுப் போயிட்டான்."

"கட்டுனது யாரு?"

"நாங்க நாப்பது பேரு. நம்ம ஆளுக, பீகார்க்காரனுக, பாகிஸ்தான்காரன் மூசாவோட ஆளுக."

"அதச் சொல்லுங்க அவன்கிட்ட."

"எதுக்கு வீரம்மா? அவனுக்கு எழுதிக் குடுத்தத அவன் படிக்கிறான். அவனுக்கு என்ன தெரியும்?"

அந்த நிமிஷத்தில் வீரம்மாளுக்கு வந்த கோபம் இதுவரை வந்த எதையும் போல இல்லை. இரண்டரை வருடமாக அவள் கோபம் இந்த மனுஷன் மேல்தான் இருந்தது. இப்போது அது அவனைத் தாண்டிப் போய் மணிக்கூண்டில் மோதியது. மகள் கல்யாணத்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். சரி, ஒரு வேலைக்காகப் பிடுங்கினார்கள். இப்போது அந்த வேலையையும் பிடுங்கிக்கொண்டு, அதை அவன் வாயாலேயே மொழிபெயர்க்கவும் வைக்கிறார்களே!

"ஏய், தொப்பி!" என்று அவள் தமிழில் கத்தினாள். ஒலிபெருக்கி நின்றது. "பொய் சொல்லாதய்யா! கட்டுனவரு இந்தா நிக்கிறாரு. இவரக் கேளு, எத்தன அண்டா டீ ஊத்துனாகன்னு!"

கூட்டத்தில் யாருக்கும் புரியவில்லை. ஒரு பெண்பிள்ளை, இதுவும் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்தோ என்னவோ, போனைத் தூக்கிப் படம் பிடித்தது. முனியசாமி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மணிக்கூண்டின் பின்பக்கம் வந்தான். அங்கே கூட்டம் இல்லை. வெட்டவெளியைப் பார்த்த மாதிரி ஒரு நீளச் சுவர், நடுவில் இரண்டு ஆள் அகலத்துக்கு இடிந்து, கல் சிதறிக் கிடந்தது.

"கத்தி என்னத்துக்கு ஆகப் போகுது?" என்றான் முனியசாமி. "எல்லாரும் எம் பேர எடுத்தாக. நீயும் எடுத்த. இவனுக எடுத்தா எனக்கு ஒண்ணும் இல்ல. இவனுக எனக்கு யாரு? நீ எடுத்தது தான்டி..."

அவள் தணிந்துபோய்ச் சொல்லவில்லை, முழுக் கோபத்தோடேயே சொன்னாள். "தப்புத்தான். நான் செஞ்சது தப்புத்தான். ஆனா அந்தத் தூணுகிட்ட நின்னது நானு. முகூர்த்த நேரத்துல நாலு தடவ போன் அடிச்சேன். ஏன் எடுக்கல? அத மட்டும் சொல்லுங்க."

முனியசாமி இடிந்த சுவரைக் கையால் காட்டினான்.

"இங்கதான் நின்னேன். இந்தச் சுவர நான் ஒருத்தன் கட்டுனேன். ரசமட்டம் வச்சு, குண்டு விட்டு, ஒரு நூலு பிசகாமக் கட்டுனேன். அன்னிக்குக் காலையில ஏழரைக்கு வந்தானுக. ரொம்ப நேரா இருக்கு, பழசு மாதிரித் தெரியல, சண்டையில இடிஞ்ச மாதிரி வேணும், இடின்னுட்டானுக. நம்மூர்ல அப்ப ஒம்பது மணி, முகூர்த்த நேரம். ஜேப்புல போன் அடிக்கிது, கையில சம்மட்டி. பக்கத்துலயே சூப்பர்வைசர் நிக்கிறான், யல்லா யல்லாங்கிறான், சீக்கிரம் இடிங்கிறான். ஒவ்வொரு தடவ அடிக்கையிலும் நீதான் கூப்புடுறேன்னு தெரியுது." மூச்சு வாங்கினான். "நல்லாக் கட்டுன சுவர இடிச்சுக்கிட்டே எப்புடி வீரம்மா எடுத்துப் பேச? வாழ்த்துச் சொல்ற கையா அது?"

வீரம்மாள் சுவரைப் பார்த்தாள். இடியாத பகுதி இரண்டு பக்கமும் நூல் பிடித்தது போல் நேராகப் போனது. அதில் ஊற்றிய டீக் கறையைத் தாண்டியும் அந்த நேர் தெரிந்தது. நடுவில் உடைந்த இடத்தில் சம்மட்டி பட்ட வெள்ளை வெள்ளைக் காயம். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த உடைந்த இடத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

எங்கிருந்தோ விசில் சத்தம் கேட்டது. உடுப்புப் போட்ட ஒருவன் தூரத்திலிருந்து கையை ஆட்டி, இறங்கு என்றான்.

"எறங்க மாட்டேன்டா!" என்று அவள் அந்தப் பக்கம் பார்த்துச் சத்தம் போட்டாள். "ஏம் புருசன் கட்டி, ஏம் புருசன் இடிச்ச சுவரு! ஏம் மக கல்யாணத்த இதுலதான் வச்சுப் பூசியிருக்கு! வாங்கய்யா, நீங்களும் வந்து உக்காருங்க!"

முனியசாமி விசில்காரனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பதினொரு வருடத்தில் இந்த நாட்டில் அவன் ஒரு விசிலுக்குக் கீழ்ப்படியாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. விசில்காரன் இவர்கள் மணிக்கட்டில் இருந்த மஞ்சள் பட்டையைப் பார்த்துவிட்டு, என்ன நினைத்தானோ, போய்விட்டான். கீழே ஒவ்வொன்றாக விளக்கு எரிய ஆரம்பித்தது. அவன் அதைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை, அவளுக்கு அந்த ஊர் இன்னும் பிடிக்கவில்லை, கடைசி வரை பிடிக்கவும் இல்லை.

"பேர நான் சேக்க மாட்டேன்" என்றாள். "நீங்க நேர்ல வந்து நின்னு சேத்துக்கங்க. எப்ப வருவீக?"

அவன் இறங்கி, அவள் இறங்கக் கை கொடுத்தான். இந்தக் கேள்விக்கு அவன் பதில் சொன்னதே இல்லை.

வெளிவாசலில் சித்தீக் கத்தரிக்கோலோடு நின்றான். வெளியே போகிற எல்லோருடைய பட்டையையும் வெட்டி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். வீரம்மாள் கையை நீட்டினாள், வெட்டினான். முனியசாமி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வெட்டாத தம்பி."

"ரூல்ஸ்ணே. இதக் கட்டிக்கிட்டு மறுபடி யாரும் உள்ள வந்திரக் கூடாதுன்னு..."

"நான் வரமாட்டேன். இந்த ஊருக்குள்ள இனிமே நான் காலடி வைக்க மாட்டேன்." முனியசாமியின் குரல் உயர்ந்தது. கோட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான், அப்போதும் அது இறங்கவில்லை. "ஆனா இத வெட்டாத. எனக்கும் ஒரு குடும்பம் இருக்குன்னு சொல்ல இப்போதைக்கு எங்கிட்ட இருக்கிற காயிதம் இது ஒண்ணுதான்."

சித்தீக் கத்தரிக்கோலைச் சட்டைப் பைக்குள் போட்டான். "போங்கண்ணே" என்று மட்டும் சொன்னான்.

பஸ் நிறுத்தம் வரை இருவரும் நடந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்ததும் முனியசாமி, மஞ்சள் பட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "காண்ட்ராக்டு மாசியோட முடியுது. இந்தத் தடவ கையெழுத்துப் போட மாட்டேன். கலாஸ், முடிஞ்சது."

வீரம்மாள் அவன் கையைப் பிடித்துத் திருப்பி, பட்டையின் ஒட்டு நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பார்த்தாள்.

"மாசி வரைக்கும் தாங்கணும்" என்றாள் கடுகடுவென்று. "குளிக்கையில இந்தக் கைய வெளிய நீட்டிக் குளிங்க."